நாலாயிரத்துக்கு இறங்கு

திம்மராஜ் தானே? ஆப்ல பேரு பார்த்தேன். ஏசியைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க அண்ணா, சத்தத்துல பேச முடியல. வழக்கமா நான் வண்டியில ஏறினதும் கண்ணை மூடிக்குவேன், ஓமலூர் வந்தாத்தான் திறப்பேன். இன்னிக்குத் தூக்கம் வராது. இன்னிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒருத்தரை ஃபெயில் பண்ணிட்டு வர்றேன்.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். ஸ்கூல் டீச்சர்லாம் இல்ல. ஏரோப்ளேன் ஓட்டுறேன். ஆமாங்க, நானேதான். கோகிலவாணி, கேப்டன் கோகிலவாணி. கம்பெனில பதினோரு வருஷமா ஓட்டுறேன். அதுபோக வாரத்துல ஒரு நாள், இப்ப என்னை ஏத்தினீங்களே அந்தக் கட்டடம், அங்க மத்த பைலட்டுகளுக்குப் பரீட்சை வைக்கிறேன். உள்ள சிமுலேட்டர்னு ஒரு மெஷின் இருக்கு. ஏரோப்ளேனோட மூக்கை மட்டும் வெட்டி ஒரு ரூம்ல வெச்ச மாதிரி. ஆடும், குலுங்கும், மழை பெய்யும், ஆனா தரையை விட்டு நகராது. அதுல காலையில ஒரு ஆளு உக்காந்தாரு. அறுபத்திரண்டு வயசு. கேப்டன் ஆரோக்கியதாஸ். எனக்கே சொல்லிக் கொடுத்த வாத்தியாரு. அவரைத்தான் ஃபெயில் பண்ணினேன்.

பாவம்னு மட்டும் சொல்லாதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

மேகத்துக்குள்ள போயிட்டா வெளிய ஒண்ணும் தெரியாது அண்ணா. கண்ணாடி முழுக்க வெள்ளையா இருக்கும். நாம நேராப் போறோமா சாஞ்சு போறோமான்னு உடம்புக்கே தெரியாது, உடம்பு பொய் சொல்லும். அப்ப எதிர்ல இருக்கிற முள்ளையும் நம்பரையும் மட்டும் பார்த்து ஓட்டணும். அதுக்குன்னு தனி லைசென்ஸ், வருஷா வருஷம் பரீட்சை. சரி, முள்ளு நேராப் போறியான்னு சொல்லும், எங்க போகணும்னு யாரு சொல்றது? தரையில ஒரு ரூம்ல கன்ட்ரோலர் உக்காந்திருப்பாரு. எந்த ஊரு வரைக்கும் போலாம், எந்த வழியா, எவ்வளவு உயரத்துல, அடுத்து யாரோட பேசணும், உன் நம்பர் என்ன, எல்லாத்தையும் ஒரே மூச்சுல ரேடியோவுல சொல்லுவாரு. அதுக்குப் பேரு கிளியரன்ஸ். தொடையில ஒரு அட்டை கட்டியிருப்போம், அதுல எழுதிக்கிட்டு, ஒரு எழுத்து மாறாம அவருக்குத் திருப்பிச் சொல்லணும். சரியாச் சொன்னா சரிம்பாரு. அப்புறம்தான் நகரலாம்.

அந்தத் திருப்பிச் சொல்றதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. இன்னிக்கும் கிடையாது, அன்னிக்கும் கிடையாது. படிக்கிறப்ப லீவுக்கு வந்தா சேலம் ஜங்ஷன்ல போய் உக்காந்துக்குவேன். மைக்குல ரயில் நம்பர், வர்ற நேரம், ப்ளாட்ஃபார்ம்னு சொல்லுவாங்களே, அதைக் கேட்டு எழுதி அப்படியே ஒப்பிப்பேன். டீக்கடைக்காரரு பொண்ணுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சாரு. இங்கிலீஷ், இந்தி, தமிழ், மூணுலயும் ஒப்பிப்பேன். அப்படிப் படிச்சேன் அண்ணா நான்.

பதினாறு வருஷம் முன்னாடி எனக்குப் பரீட்சை. அது நெஜ ஏரோப்ளேன், ரெண்டு இன்ஜின் உள்ள சின்ன ப்ளேனு. ஃப்ளையிங் ஸ்கூல் பேரு வேண்டாம். பரீட்சை வைக்கிறது தாஸ் சாரு. அப்பா ஓமலூர்ல இருந்து பஸ் பிடிச்சு வந்திருந்தாரு, ஸ்வீட் பாக்ஸோட. கூடவே எலுமிச்சம்பழம். புது வண்டிக்கு வெக்கிற மாதிரி மூணு சக்கரத்துக்கும் அடியில ஒவ்வொண்ணு வெச்சுட்டாரு. எனக்கு மானம் போச்சு. தாஸ் சாரு ‘மெதுவா ஏத்தும்மா, அப்பா பாக்குறாரு’ன்னாரு. இதெல்லாம் நல்ல மனுஷன் மாதிரி நடிப்பு.

மேல போனதும் தலையில ஒரு தட்டி மாட்டுவாங்க. அதைப் போட்டா வெளிய தெரியாது, முள்ளு மட்டும்தான் தெரியும். மேகத்துக்குள்ள இருக்கிற மாதிரி. பக்கத்து சீட்டுல இருக்கிற எக்ஸாமினரே கன்ட்ரோலர் மாதிரியும் பேசுவாரு. அதுதான் வழக்கம். ஏழாயிரம் அடியில போயிட்டு இருக்கோம். சொன்னாரு. இடது பக்கம் திரும்பி இருநூத்தி அம்பது டிகிரில போ, நாலாயிரத்துக்கு இறங்கு, இந்த நம்பர்ல பேசுன்னு நீளமா, வேகமா சொன்னாரு. நான் ஒரு மூச்சு விடல. அப்படியே திருப்பிச் சொன்னேன். ஒரு புள்ளி மாறல. திருப்பினேன், இறங்கினேன். ஆறாயிரம் தாண்டி ஐயாயிரத்து எண்ணூறு. டக்குனு கன்ட்ரோலைப் பிடுங்கி மேல தூக்கி, என் தலையில இருந்த தட்டியைக் கழட்டினாரு.

எதிர்ல மலை. மரமெல்லாம் தெரியுது.

ஆபத்தெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணா. வெயில் அடிச்சுக்கிட்டு இருக்கு, அவர் கண்ணைத் தெறந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. அந்தப் பக்கம் மலை உச்சி ஐயாயிரத்து இருநூறு. ஆறாயிரத்து நானூறுக்குக் கீழ இறங்கக் கூடாதுன்னு என் மடியில கிடந்த மேப்புலயே போட்டிருந்துச்சு. இருக்கட்டும். மேப்புல ஆயிரம் போட்டிருக்கும். கன்ட்ரோலர் சொன்னா செய்யணும்னு தானே சொல்லிக் கொடுத்தாங்க? அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்? ‘அனேபிள்’னு ஒரு வார்த்தை இருக்கு. முடியாதுன்னு அர்த்தம். கிளியரன்ஸ் சரியில்லன்னா பைலட் அதைச் சொல்லலாம், திருப்பிக் கேக்கலாம், தப்பில்ல, புஸ்தகத்துலயே இருக்கு. ஆனா பரீட்சையில போய் எக்ஸாமினர்கிட்ட முடியாதுன்னு எந்தப் பொண்ணு சொல்லுவா? நீங்களே சொல்லுங்க. அது பொறி அண்ணா. வேணும்னே வெச்ச பொறி.

ஃபெயில் போட்டாரு. அதுகூடப் பரவாயில்ல. கீழ இறங்கினதும் அப்பா ஓடி வந்தாரு. கூட ஆறு பசங்க, என் பேட்ச் பசங்க, நிக்கிறாங்க. அத்தனை பேரு முன்னாடி சொன்னாரு. ‘ஐயா, உங்க பொண்ணு அழகாத் திருப்பிச் சொல்லுது. ஆனா என்ன சொல்லுதுன்னு அதுக்கே தெரியல. அதுக்கு ஒரு டேப் ரெக்கார்டர் போதும், பைலட் எதுக்கு?’

அப்பாவுக்குப் பாதிதான் புரிஞ்சுது. அழகாச் சொல்லுதுன்னதை மட்டும் பிடிச்சுக்கிட்டு, சிரிச்ச முகமா ஸ்வீட் பாக்ஸைத் தெறந்து நீட்டினாரு. அந்த ஆளும் ஒண்ணு எடுத்துத் தின்னாரு. நான் பாத்துக்கிட்டே நின்னேன்.

அன்னில இருந்து எனக்குப் பேரு டேப்பு. மெஸ்ஸுக்குப் போனா ‘டேப்பு வருது, வழி விடுங்கடா’. ப்ளேன் நிறுத்துற ஹாங்கர்ல நின்னா ‘டேப்பு, ரீவைண்ட் பண்ணு’. எட்டு மாசம். இப்பவும் அந்தப் பசங்கள்ல ஒருத்தன் வேற கம்பெனில கேப்டனா இருக்கான். டெல்லி ஏர்போர்ட்ல என்னைப் பாத்துட்டு, பொண்டாட்டி புள்ளையோட நிக்கிறான், ‘ஏய் டேப்பு’ங்கிறான். பதினாறு வருஷம் அண்ணா. மறக்கச் சொன்னா எப்படி மறப்பேன்?

போன மாசம் சிமுலேட்டர் லிஸ்ட்ல தாஸ் சார் பேரைப் பாத்தேன். இன்னிக்கு ஞாயித்துக்கிழமைக்கு, இன்னொரு எக்ஸாமினர் குரியன் சாருக்குப் போட்டிருந்தாங்க. குரியன் நல்ல மனுஷன், யாரையும் கடுமையாப் பாக்க மாட்டாரு. நானே போன் பண்ணி, ‘சார், நீங்க வீட்டுல இருங்க, நான் பாத்துக்கிறேன்’னு மாத்தி வாங்கினேன். தாஸ் சாருக்கு இந்தப் பரீட்சை முக்கியம்னு தெரியும். விசாரிச்சேன். இந்த மாசக் கடைசிக்குள்ள பாஸாகலைன்னா அவரு சொல்லிக் கொடுக்கிற ஃப்ளையிங் ஸ்கூல்ல வேற ஆளைப் போட்டுக்குவாங்க. புது ஆளையும் பாத்து வெச்சுட்டாங்க. அந்த லைசென்ஸ் இல்லாம மேகத்துக்குள்ள ஓட்டக் கத்துக்கொடுக்க முடியாது. அவருக்கு வேற வேலையும் தெரியாது. தெரிஞ்சுதான் போனேன்.

என்னைப் பாத்தாரு, வணக்கம் சொன்னாரு. ஞாபகம் இருக்கிற மாதிரியே தெரியல. இன்னும் கோவம் வந்துச்சு. இருங்க சார், ஞாபகப்படுத்துறேன்னு நினைச்சுக்கிட்டேன்.

சிமுலேட்டர்ல எக்ஸாமினர் பின்னாடி உக்காருவோம். மழையும் நான், இடியும் நான், இன்ஜினை நிறுத்துறதும் நான். ரேடியோவுல பேசுற கன்ட்ரோலரும் நான்தான். அவரு முன்னாடி, பின்னந்தலை மட்டும் தெரியுது. முடி கொட்டிப் போச்சு. அதே ஊரு, அதே மேப்பு போட்டேன். அதே ஏழாயிரம் அடி. மைக்கை அமுக்கினேன். இடது பக்கம் திரும்பி இருநூத்தி அம்பது டிகிரில போ, நாலாயிரத்துக்கு இறங்கு, இந்த நம்பர்ல பேசு. ஒரு எழுத்து மாறாம சொன்னேன். அவரு சொன்ன வேகத்தை விட வேகமா சொன்னேன்.

‘ஸ்டாண்ட்பை’ன்னாரு. கொஞ்சம் இருன்னு அர்த்தம். மேப்பை எடுத்துப் பாத்தாரு. கையைக் கொண்டு அந்த இடத்துல வெச்சுப் பாத்தாரு. அப்புறம் நிதானமா, ‘அனேபிள். அந்தப் பக்கம் ஆறாயிரத்து நானூறுக்குக் கீழ வர முடியாது. ஏழாயிரத்துலயே இருக்க அனுமதி வேணும்’னாரு.

எனக்குக் கோவம் ஏறிடுச்சு. ‘நெகட்டிவ், உடனே நாலாயிரத்துக்கு இறங்கு’ன்னேன். ‘அனேபிள்’. இன்னொரு தடவை, குரலை உசத்தி, நெஜ கன்ட்ரோலர் கத்துவாரே அப்படி. ‘அனேபிள்’. அதே குரலு. கோவமும் இல்ல, பயமும் இல்ல. திரும்பிக்கூடப் பாக்கல.

சரின்னு ரேடியோவைக் கட் பண்ணினேன். ஒரு இன்ஜினை நிறுத்தினேன். மழை போட்டேன், குலுக்கல் இருக்கு பாருங்க, அதை எவ்வளவு தூரம் திருக முடியுமோ அவ்வளவு தூரம் திருகினேன். அறுபத்திரண்டு வயசு ஆளு அதுலயும் நேரா வெச்சுக்கிட்டுத்தான் வந்தாரு. சட்டை முதுகு நனைஞ்சு போச்சு. கடைசில இறங்க வரும்போது ஒரு இடத்துல, இருக்க வேண்டிய உயரத்துக்கு நூத்தியிருபது அடி கீழ போயிட்டாரு. நூறு அடி வரைக்கும் போலாம். இருபது அடி கூட. உடனே மெஷினை நிறுத்தினேன். ரூல் ரூல்தான் அண்ணா. நான் என்ன மனசுக்குத் தோணினதா எழுத முடியும்?

வெளிய வந்து உக்காந்து பேசணும், அதுவும் விதி. பேப்பரைக் காட்டினேன். சண்டை போடுவாருன்னு நினைச்சேன். குலுக்கலை அவ்வளவு வெக்கலாமான்னு கேப்பாரு, நான் புஸ்தகத்தை எடுத்துக் காட்டுவேன்னு பக்கத்தை மடிச்சு வேற வெச்சிருந்தேன். அவரு பாத்துட்டு, ‘ஆமா, நூத்தியிருபது. தப்பு என்னோடதுதான்’னாரு. கையெழுத்துப் போட்டாரு. பேனாவை மூடிட்டு, ‘அப்பா எப்படி இருக்காரு, கோகிலவாணி?’ன்னாரு.

சப்புனு ஆயிடுச்சு எனக்கு. தெரிஞ்சிருக்கு அண்ணா. எப்பத் தெரிஞ்சுதோ. அந்த நாலாயிரம்னு சொன்னேனே, அப்பவே தெரிஞ்சிருக்கணும். ‘நல்லா இருக்காரு’ன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். நீங்க வந்து நின்னீங்க, ஏறினேன். ஏறினதுல இருந்து சந்தோஷமாத்தான் இருக்கேன்.

ரிப்போர்ட் இன்னும் அனுப்பல. இந்த டேப்லட்ல இருக்கு, ஆறு மணிக்குள்ள அனுப்பணும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியா டிக் போடணும். உயரம், திருப்தியில்ல. அதுல பேச்சே இல்ல. கிளியரன்ஸ் பகுதி, அதுக்கும் திருப்தியில்லன்னு போட்டிருக்கேன். மூணு தடவை சொல்லியும் கன்ட்ரோலர் சொன்னதைச் செய்யல.

என்ன கேக்குறீங்க? அவரு நீங்க சொன்னபடி நாலாயிரத்துக்கு இறங்கியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னா? இறங்கியிருந்தா மலையில மோதியிருப்பாரு. மோதினா ஃபெயில்தான். மலையில மோதினவருக்கு எப்படிப் பாஸ் போடுறது?

கண்ணாடியில அப்படிப் பாக்காதீங்க அண்ணா. அதுக்கு அது, இதுக்கு இது. உங்களுக்குப் புரியாது. நான் பதினோரு வருஷத்துல ஆயிரக்கணக்குல கிளியரன்ஸ் வாங்கியிருக்கேன், ஒரு தடவைகூட முடியாதுன்னு சொன்னதில்ல. கன்ட்ரோலர்கள்கிட்ட கேட்டுப் பாருங்க, என் குரலைக் கேட்டாலே அவங்களுக்கு நிம்மதி. போன வருஷம் ஒரே ஒரு தடவை. இடிமேகத்துக்குள்ள திருப்பச் சொல்லிட்டாங்க. நான் அட்டையில எழுதிக்கிட்டு இருந்தேன், பக்கத்துல கோ-பைலட் நஸீம் முந்திக்கிட்டு அனேபிள்னு சொல்லிட்டா. நூத்தி எழுபது பேரு பின்னாடி உக்காந்திருந்தாங்க. நான் சொல்லியிருக்க மாட்டேன்னு அர்த்தம் இல்ல. எழுதி முடிச்சுட்டுச் சொல்லியிருப்பேன். இல்ல, திருப்பிச் சொல்லிட்டு அப்புறமா... சரி விடுங்க. அவளைக் கூப்பிட்டு, இனிமே முந்தாதேன்னு கண்டிச்சேன்.

உங்களுக்குச் சொன்னா என்ன தெரியும்? இந்தா, அனுப்பிட்டேன். ரெண்டு டிக்கும் அப்படியே இருக்கு. போயாச்சு. இப்பத் திருப்தியா உங்களுக்கு?

டோல்கேட்டா? கிருஷ்ணகிரி வந்தாச்சா அதுக்குள்ள. டீ குடிக்கணும்னா நிறுத்துங்க. எனக்கு வேண்டாம். வாயெல்லாம் கசக்குது.

...

டீ குடிச்சாச்சா? ஏறுங்க. ஒரு மெசேஜ் வந்திருக்கு. ரிப்போர்ட் போனா அவருக்கும் உடனே ஒரு காப்பி போயிடும். அதுல மறுபரீட்சை கேக்க இடம் இருக்கு. ஃபெயில் ஆனவங்க வேற எக்ஸாமினரைக் கேட்டு வாங்கிக்கலாம், அது அவங்க உரிமை. எல்லாரும் வாங்கிக்குவாங்க. நானும் அப்படித்தான் வாங்கினேன் அன்னிக்கு, வேற ஒரு சாரு, அரை மணி நேரத்துல சுலபமா முடிச்சு விட்டாரு, மலை இருக்கிற பக்கமே போகல. குரியன் சாரைக் கேட்டிருந்தா இந்த மாசத்துக்குள்ள பாஸ், வேலையும் நிலைக்கும். அவருக்கு அது தெரியாதா?

அவரு என்னையே கேட்டிருக்காரு.

காரணம்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல யாரும் எழுத மாட்டாங்க. இவரு எழுதியிருக்காரு. படிக்கிறேன் கேளுங்க. ‘கிளியரன்ஸ் பகுதியை இதே எக்ஸாமினர் முன்பாக மறுபடி செய்துகாட்ட விரும்புகிறேன்.’ அவ்வளவுதான். கீழ பேரு.

பாத்தீங்களா அண்ணா? நான் என்னவோ பாவம்னு நினைச்சீங்களே, பாருங்க. பழி வாங்குறாரு. அறுபத்திரண்டு வயசுல, வேலை போற நேரத்துல, ஒருத்தியை இப்படிப் பழி வாங்கணுமா? மறுபரீட்சை புதன்கிழமை பத்து மணி. முன்னாடி உக்காந்துக்கிட்டு, மேப்பை மடியில வெச்சுக்கிட்டு, நான் பேசுறதுக்குக் காத்துக்கிட்டு இருப்பாரு. நான் மைக்கை அமுக்கணும். நாலாயிரம்னு சொன்னா முடியாதும்பாரு. மறுபடியும் திருப்தியில்லன்னு போட்டா, குரியன் சாரு, ஆபீஸு, எல்லாரும் சிமுலேட்டர்ல பதிவான அந்த ஆடியோவைக் கேப்பாங்க. திருப்தின்னு போட்டா, அன்னிக்கு நான் இறங்கினது... அன்னிக்கு அந்த மலையில... வேணாம்.

கீழ ரெண்டு பட்டன் இருக்கு. ஒப்புக்கிறேன், முடியாது. முடியாதுன்னு அமுக்கினாப் போதும், அதுபாட்டுக்குக் குரியன் சாருக்குப் போயிடும். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. எனக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி. ஒரு வார்த்தை தானே.

இருங்க, அமுக்குறேன். வண்டியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க, ஓடுற வண்டியில தப்பா அமுக்கிடுவேன்.

ஒப்புக்கிட்டேன் அண்ணா. கை அதுலதான் போச்சு.